கண்வலிக் கெழங்கு நாலே நாலு அனுப்புடி

மல்லி,

ரெண்டு மாசமா உன் மெசேஜுக்கு பதிலே போடல, கோவிச்சுக்காத. பெரியவளுக்கு காலேஜ் அட்மிஷன், நடுவுல அம்மாவுக்கு காய்ச்சல், அப்படியே நாள் ஓடிப்போச்சு. அண்ணன் நல்லா இருக்காரா? உன் மாமியாரு அந்த ரேடியோவ இன்னும் விடலயா? சரி, நேரா விஷயத்துக்கு வரேன், எனக்கு உன்கிட்டேர்ந்து கண்வலிக் கெழங்கு வேணும், அதான் நம்ம கார்த்திகைப்பூ கொடியோட கெழங்கு.

சிரிக்காத. மூலனூர்ல வாக்கப்பட்டவ நீ, உனக்கு அது வெதைக்குப் போடற பயிரு. எனக்கு அது நடுவீரப்பட்டுல நம்ம முந்திரித் தோப்பு வேலி. கார்த்திகை மாசம் ஸ்கூல் விட்டு வரப்ப வேலி பூராவும் அந்தப் பூதான், மொதல்ல பச்சையா, அப்புறம் மஞ்சளா, கடைசில நெருப்பாட்டம் செவந்து நிக்கும், எல நுனியே கொக்கி மாதிரி சுருண்டு கெடச்சத எல்லாம் புடிச்சுக்கிட்டு ஏறும், நீ அத காதுல மாட்டிக்கிட்டு ஆடினதுக்கு பெரியப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா. 2011 டிசம்பர் 30 அடிச்ச 'தானே'ங்கற புயல்ல தோப்பு சாஞ்சுது, விழுந்த மரத்த எடுக்க ஜேசிபி வந்தப்ப வேலியும் கெழங்கும் சேந்தே போச்சு.

போன மாசம் அம்மா திண்ணைல உக்காந்துட்டு திடீர்னு கேக்கறாங்க, "வேலில கார்த்திகைப்பூ கொடி இன்னும் தளுக்கலயாடி?" நாங்க திருப்பாப்புலியூருக்கு வந்து பத்து வருஷம் ஆவுது, இங்க ஏது வேலி. அம்மாவுக்கு இப்ப நெறய மறந்துபோவுது மல்லி. சின்னவ பேரே சில நாள் வர மாட்டேங்குது. அந்தப் பூ மட்டும் மறக்கல.

அன்னிலேர்ந்து அலையறேன். நம்ம மாநிலப் பூ, செங்காந்தள்னு பாடத்துல படிச்சது, ஆனா நர்சரில கேட்டா ரோஜாவும் போகன்வில்லாவும் காட்டறாங்க. பாண்டி சண்டே மார்க்கெட்ல ஒருத்தர் நாட்டு மருந்துக்கு காட்டுல தோண்டினதுன்னு கொண்டாந்தாரு, மனசு வரல, இப்படித் தோண்டித் தோண்டியே பல எடத்துல காட்டுல கொறஞ்சுபோச்சு. ஆன்லைன்ல 350 ரூபா குடுத்து மூணு வாங்கினேன், ஒன்னு அழுகல், ரெண்டுக்கு நுனி ஒடஞ்சிருந்துச்சு. அதுல மொள வர்றதே அந்த நுனிலதான, நுனி போனா கெழங்கு வெறும் கட்டை. கேட்டா ரிட்டர்ன் கெடையாதாம். வெதை போடலாம்னா பூக்க மூணு நாலு வருஷம் ஆவும், அம்மாவுக்கு 81 ஆவுது, அவ்ளோ நாள் என்னால காத்திருக்க முடியாதுடி.

உன் கொழுந்தனாரு பழைய வயல எடுத்துட்டு மாத்தி நடப்போறாருன்னு பொங்கலுக்கு சொன்னியே, அதுல நாலே நாலு குடு. 50, 60 கிராம் எட இருந்தா போதும், ரொம்பப் பொடிசு இந்த வருஷம் பூக்காது. கலப்ப மாதிரி வளஞ்சிருக்கும் பாரு, கெழங்கோட ரெண்டு கையையும் ஒடிக்காம, கழுவாம, காஞ்ச தேங்கா நார்த்தூள்ல பொதச்சு அட்டப்பெட்டில போடு. பாலித்தீன் கவர் வேணாம், வேர்த்து அழுகிடும். ஆனி கடைசிக்குள்ள வந்துட்டா ஆடில நட்டுடுவேன், ஐப்பசி கார்த்திகைல அம்மா பாத்துடுவாங்க. இங்க மழைல தண்ணி நிக்குமேன்னு மேட்டுப்பாத்தி போட்டு மணல் கலந்து வெச்சிருக்கேன், கொடி ஏற செவுத்தோரம் கம்பியும் கட்டியாச்சு.

ஒன்னு மட்டும் மறக்காம செய். பெட்டி மேல பெருசா "விஷம்" னு எழுதிடு. பாக்க ஏதோ வள்ளிக்கெழங்காட்டம் இருக்கும், வேக வெச்சா சரியாயிடும்னு யாரும் நெனச்சுடக் கூடாது, அதுல இருக்கற கோல்ச்சிசின் வேக வெச்சாலும் போவாது, உசுரையே எடுத்துடும். அம்மா இப்ப இருக்கற நெலமைல எனக்கு இதுதான் பெரிய பயம். கொல்லப்பக்கம் வலை அடிச்சு தனியா கதவு வெச்சுட்டேன், திண்ணைலேர்ந்து பாத்தா பூ தெரியும், கைக்கு எட்டாது.

உனக்கும் ஒன்னு வெச்சிருக்கேன். நம்ம கோயில் தலவிருட்சம் பாதிரி இருக்குல்ல, ஆரோவில் பக்கம் போனப்ப ரெண்டு கன்னு கெடச்சுது, ரெண்டும் புடிச்சுக்கிச்சு. வரப்ப ஒன்ன எடுத்துட்டுப் போ.

பார்சல் போடற அன்னிக்கு போன் பண்ணு, ஆறு மணிக்கு மேல. அம்மாகிட்ட குடுக்கறேன், உன் குரல கண்டுபிடிச்சிடுவாங்க.

செல்வி