தொலைபேசி லைன் இல்லாமல் வீட்டு இணையம்: எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிரித்தானியாவில் செப்புக்கம்பி வழியே இயங்கிவரும் பழைய தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி 31 உடன் முடிவுக்கு வருகின்றது. இதையொட்டி, "வீட்டு லைனை வெட்டினால் இன்ரநெற்றும் போய்விடுமா?" என்ற கேள்வியோடு எமது கடைக்கு வருவோர் பலர். போகாது என்பதே சுருக்கமான பதில். ஆனால் லைனை விடுவதற்கு முன் வீட்டில் எவையெல்லாம் அந்த லைனை நம்பி இயங்குகின்றன என்பதைப் பார்த்துவிட்டே இணையத்தைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதால், கடையில் நின்றபடி சொல்லி முடிக்க இயலாதவற்றை இங்கே எழுதுகின்றோம்.

முன்னர் வீட்டு இணையம் தொலைபேசி லைனின் மேல் ஏறிவரும் ஒரு துணைச் சேவையாக இருந்ததால், தொலைபேசியை எடுத்தே பார்க்காதவர்களும் மாதந்தோறும் லைன் வாடகை கட்டினார்கள். 2023 செப்டெம்பருக்குப் பின் அந்தப் பழைய லைன்கள் நாடெங்கும் புதிதாக விற்கப்படுவதில்லை. இன்று இணையம் தனிச் சேவை. தொலைபேசி வேண்டுமென்றால் அது இணையத்தின் மேல் ஏறிவரும். லைன் இல்லை என்றால் வயரே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியல்ல. தெருவோரத்துப் பச்சைப் பெட்டி வரை ஒளியிழையும் (பைபர்), அங்கிருந்து உங்கள் வீடு வரை அதே பழைய செப்புக்கம்பியும் வருகின்ற இணைப்பைத் தொலைபேசிச் சேவை இல்லாமலே வாங்கலாம். அதன் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 80 மெகாபிட். பெட்டியிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக அது குறையும். ஆகவே, விளம்பரத்தில் காணும் வேகத்தைப் பாராமல், உங்கள் முகவரிக்கென நிறுவனம் எழுத்தில் தருகின்ற குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒளியிழை வருமானால் வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்பது எமது கருத்து. கம்பி, இழை வலையமைப்பை நடத்தும் ஓப்பன்ரீச் நிறுவனம் இழுத்திருக்கும் ஒளியிழையைப் பிரிட்டிஷ் டெலிகொம், ஸ்கை, வோடபோன் எனப் பல நிறுவனங்கள் விற்கின்றன. லண்டனில் கம்யூனிட்டி பைபர், ஹைப்பர்ஒப்டிக் போன்றவை தமது சொந்த இழைகளை வைத்திருக்கின்றன. வேர்ஜின் மீடியாவின் கேபிளுக்குத் தொலைபேசி லைன் என்றுமே தேவைப்பட்டதில்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வருவது அடுத்த வீட்டுக்கு வராமல் இருக்கலாம் என்பதால், அயலவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் உங்கள் முகவரியைக் கொடுத்தே தேட வேண்டும். வாடகை வீடென்றால் சுவரில் துளையிட உரிமையாளரின் சம்மதத்தை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். வேகத்தைப் பொறுத்தவரை, நாலைந்து பேர் வாழும் வீட்டுக்கு 100 முதல் 150 மெகாபிட் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

சிம் அட்டை போட்டு இயங்கும் 4ஜி, 5ஜி ரவுட்டர்களை நாமும் விற்கின்றோம். ஆயினும் எல்லோருக்கும் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ஓராண்டுக்குள் வீடு மாறக்கூடியவர்களுக்கும், துளையிட அனுமதி கிடைக்காதவர்களுக்கும் அவை நல்லவை. மாலை நேரத்தில் அப்பகுதியில் எல்லோரும் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும்போது வேகம் விழுவதுண்டு. வீட்டிலோ கடையிலோ உள்ள கண்காணிப்புக் கமெராவை வெளியிலிருந்து பார்க்கின்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இவ்வகைச் சேவைகள் பலவற்றில் உங்களுக்கெனத் தனியான பொது இணைய முகவரி (பப்ளிக் ஐபி) கிடைப்பதில்லை, ஆகையால் பழைய வகைக் கமெராப் பதிவுப்பெட்டிகளை வெளியிலிருந்து தொடர்புகொள்ள முடியாமற் போகலாம்.

முதியோர் வாழும் வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. பழைய லைனுக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால், வீட்டில் மின்சாரம் நின்றாலும் வயர்த் தொலைபேசி வேலை செய்தது. புதிய முறையில் தொலைபேசி ரவுட்டரின் பின்புறத்தில் செருகப்படுகின்றது. மின்சாரம் நின்றால் ரவுட்டரும், ஒளியிழைப் பெட்டியும், அவற்றோடு தொலைபேசியும் நின்றுவிடும். கைத்தொலைபேசி இல்லாமல் அல்லது வீட்டில் அதற்குச் சிக்னல் கிடைக்காமல் தரைவழித் தொலைபேசியையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணிநேரமாவது அவசர இலக்கமான 999 ஐ அழைக்கக்கூடிய ஏற்பாட்டை நிறுவனம் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஒவ்கொம்மின் நிலைப்பாடு. கேட்காவிட்டால் கிடைக்காமல் போகலாம், ஆதலால் கேளுங்கள். அம்மாவோ அப்பாவோ விழுந்தால் அழுத்துவதற்காகக் கழுத்தில் அணிகின்ற அவசரப் பொத்தான் இருந்தால், அதை வழங்கிய கவுன்சிலுக்கோ நிறுவனத்துக்கோ அறிவித்து, அது புதிய இணைப்பில் இயங்குமென அவர்கள் சோதித்து உறுதிசெய்யும் வரை பழைய லைனைத் தொடக்கூடாது. திருட்டு எச்சரிக்கை மணி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

அடுத்தது இலக்கம். யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் உள்ள உறவினர்களின் குறிப்புப் புத்தகங்களில் இருபது ஆண்டுகளாக இருக்கின்ற அந்த லண்டன் 020 இலக்கத்தை இழக்க விரும்பாதவர்கள், பழைய சேவையைத் தாமாகவே முதலில் நிறுத்திவிடக்கூடாது. இலக்கத்தையும் கொண்டுவர வேண்டும் என்று புதிய நிறுவனத்திடம் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். இணையம் மட்டும் தரும் சில நிறுவனங்கள் இலக்கத்தை ஏற்பதில்லை என்பதால், ஒப்பந்தத்துக்கு முன்னரே அதைக் கேட்டுத் தெளிவது அவசியம். வயர்வழிச் சேவைகளுக்கிடையே மாறுவதற்கு 2024 செப்டெம்பர் 12 முதல் புதிய நிறுவனத்தை மட்டும் தொடர்புகொண்டாற் போதும். பழையதை அவர்களே நிறுத்துவார்கள். சிம் வழிச் சேவைக்கு மாறும்போது, பழைய சேவையை யார் நிறுத்துவது என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தங்கள் பொதுவாக 18 அல்லது 24 மாதங்களுக்கானவை. 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில், இடையில் கட்டணம் உயருமானால் எவ்வளவு, எப்போது என்பதைப் பவுண், பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இணையத்திலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகலாம். இதற்கிடையில் பாவித்த சேவைக்குக் கட்டணம் கேட்கப்படலாம். அரச உதவிகளான யூனிவேர்சல் கிரெடிட் அல்லது பென்ஷன் கிரெடிட் பெறுவோருக்குப் பல நிறுவனங்களில் "சோஷல் டரிஃப்" எனப்படும் குறைந்த கட்டணத் திட்டங்கள் உண்டு. விளம்பரங்களில் அவை அரிதாகவே காணப்படுவதால், பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

கடைக்கு வரும்போது கடைசியாக வந்த பில், உங்கள் முகவரியும் போஸ்ட்கோடும், அவசரப் பொத்தான் இருந்தால் அதன் நிறுவனப் பெயர் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். உங்கள் முகவரிக்கு எவை வருகின்றன என்பதைக் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வோம். முதியவர்கள் தனியே வருவதைவிட, வீட்டுக் கணக்கைக் கவனிக்கும் மகனையோ மகளையோ அழைத்து வந்தால் வேலை விரைவில் முடியும்.

இங்ஙனம்,
கடை நிர்வாகத்தினர்
லண்டன்