வாடலுக்கு விவசாயி மட்டுமா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன இதழில் தக்காளி வாடல் நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் பரவுவதற்கு "விவசாயிகளின் கவனக்குறைவே காரணம்" என்று அதில் ஒரு வரி. நாலு நாளாக அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை.

கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், கால்வாயின் கடைமடையில் எனக்கு ஒன்றரை ஏக்கர். இந்த வருஷம் முதலில் வாடியது மடைவாய்ச் செடிகள். அப்புறம் தண்ணீர் ஓடிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் படுத்தன. மேட்டில் நின்ற பத்துப் பதினைந்து செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்று ஒன்று, எரு ஒன்று, கைபார்த்ததும் நான் ஒருவன். தண்ணீர் போன இடம் மட்டும்தான் வித்தியாசம்.

இலை மஞ்சளாகாது. பச்சையாகவே தொங்கிவிடும். தண்டை அடியில் நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கியது. என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அந்த வெள்ளைதான் வாடலுக்குக் காரணமான ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. அது பாசனத் தண்ணீரிலும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும் வரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரி எப்படி அச்சானது?

வாடிய செடியைப் பிடுங்கிக் கால்வாயில் போடுகிறார்கள், உண்மைதான். நானும் ஒரு வருஷம் போட்டிருக்கிறேன். போடாதே, எரித்துவிடு என்று எனக்கு யார் சொன்னார்கள்? நோய்த் துண்டறிக்கை மலையாளத்தில் வருகிறது. எனக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பயிற்சிக்குப் போனேன். நீங்கள் கேரளா ஆச்சே என்று பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை.

ஆழியாற்றின் மணக்கடவு தடுப்பணையில் கேரளாவுக்குத் தமிழ்நாடு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்பது 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம். அளவு குறைந்தால் இரண்டு மாநிலமும் கூட்டம் போடுகின்றன. சரி, அளவும் வேண்டும்தான். அந்தத் தண்ணீரோடு என்ன வருகிறது என்று எங்கள் மடைக்கு வந்து பார்த்தவரை நான் கண்டதில்லை. ஒரு தடவை மட்டும், கோடையில், தலைமடையில் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. தலைமடையில் இருக்கும் கிருமிக்கூட்டமும் கடைமடையில் இருக்கும் கிருமிக்கூட்டமும் ஒன்றல்ல. வழியில் மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, நூறு வயலின் வடிகால் எல்லாம் வந்து சேர்கிறது. ஓட்டம் மெதுவானால் கிருமி வண்டலோடு அடியில் படிகிறது. அடைத்து வைத்த கால்வாயைத் திறக்கும் அன்று வரும் கலங்கல் அதையெல்லாம் கிளறிக்கொண்டு வருகிறது. முதல் மழைக்கும் அப்படித்தான். நல்லதும் அதோடுதான் வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டில் ஒரு கால்வாய்க்குச் சாட்சி ஆகுமா?

இதையெல்லாம் மூன்று வருஷம் முன்பு தங்களுக்கு எழுதினேன். வெளியிட இடமில்லாமல் போயிருக்கலாம். இருபது வருஷமாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு ஒரு வரி பதிலாவது வந்திருக்கலாம்.

நான் கேட்பது அரைப் பக்கம். டம்ளரில் தண்டை வைத்துப் பார்க்கும் முறையைப் படத்தோடு போடுங்கள். வாடல் கண்ட வயலில் அடுத்த போகம் கத்திரி, மிளகாய் வைக்காமல் நெல்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். வாடிய செடியைக் கால்வாயில் போடக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அடுத்த நடவுக்கு முன்னால் வந்தால், பக்கத்தைக் கிழித்து எங்கள் ஊர் டீக்கடையில் நானே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.