விதைக் கூடையை என் மடியில் வைத்தவருக்கு

கொல்லிமலைச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அப்பா நன்றாக இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார், செய்தித்தாள் கேட்கிறார், காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று அம்மாவிடம் சண்டை போடுகிறார். இன்னும் தினமும் போன் செய்து விசாரிக்கிறீர்களே, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா உங்கள் மலையில் காணாமல் போன அந்த மார்கழி இரவில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதும் தெம்பு எனக்கு வரவில்லை.

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பனிமூட்டத்தில் மிளகுத் தோட்டங்களுக்குள் இறங்கிய இளைஞர்கள், காவல் கொட்டகையில் அப்பாவைக் கண்டு, போர்த்தியிருந்த கம்பளியை அவருக்குச் சுற்றித் தோளில் சுமந்து வந்த அண்ணன் தம்பி, விடியும்வரை கூடவே நின்ற காவல் துறையினர், வனத்துறையினர், செம்மேட்டு அரசு மருத்துவமனைச் செவிலியர்கள், சோளக்காட்டில் நள்ளிரவில் கடையைத் திறந்து தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தவர், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு குலுக்கல் தெரியாமல் எங்களை இறக்கிக் கொண்டுவந்த ஓட்டுநர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். எழுதாததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்குக் கோபம் எளிதில் வருவதாகவும் தெரியவில்லை.

இந்த மடல் அன்றிரவு என்னைத் தன் வீட்டில் உட்காரவைத்த ஆயாவுக்கு. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. பேத்தி படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

தேடப் போனவர்கள் போன பிறகு அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் ஆகாது, வந்துவிடுவார், பயப்படாதே என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் என் கை நடுக்கம் கூடியது. ஆயா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போனார். பரணிலிருந்து ஒரு மூங்கில் கூடையை இறக்கினார். என்னை அடுப்போரம் உட்காரவைத்துக் கூடையை என் மடியிலும் முறத்தைக் கையிலும் வைத்தார். “சும்மா நிற்காதே கண்ணு. இதைப் புடை.”

சென்னையில் அரிசியைப் பாக்கெட்டில் வாங்கிக் குக்கரில் கொட்டுகிறவள் நான். முறம் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குக்கூட வெளியே வருவதில்லை. முதல் வீச்சிலேயே பதர் என் முகத்தில் அடித்தது, தானியம் தரையில் சிதறியது. ஆயா சிரிக்கவுமில்லை, முறத்தைப் பிடுங்கவுமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தரம் தூக்கிக் காட்டினார். “தட்டாதே, தூக்கி விடு. பதர் தானாக முன்னால் போகும், மணி உன்னிடம் வரும்.” கொஞ்ச நேரத்தில் வந்தது. கடுகைவிடச் சற்று நீண்ட, பழுப்பான, வழவழப்பான சாமை மணிகள் முறத்தின் அடிப்பக்கம் வந்து சேர்ந்தன. அப்புறம் முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டிக் கல்லை ஒதுக்கக் கற்றுக்கொடுத்தார். கை அதற்குப் பழகப் பழக மூச்சு சீரானது. ஒரு கட்டத்தில் அழுகை நின்றுவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நடுவில் ஊரைக் கேட்டார். சென்னை, பூர்வீகம் காஞ்சிபுரம் என்றேன். அந்த இரவில் ஆயாவின் முகம் மலர்ந்தது அப்போதுதான். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல) தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்ட கதை அது. “அப்படியானால் நீ பங்காளி வீட்டுப் பெண்” என்றார் ஆயா. வரலாற்று ஆசிரியர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, எனக்குக் கவலையில்லை. அந்த உறவை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த வீட்டுக்குப் போகும்வரை கொல்லிமலை என்றால் எனக்குப் பள்ளிப் பாடத்தில் வந்த வல்வில் ஓரி, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், அவ்வளவுதான். ஆயா பேசப் பேச வேறொரு மலை தெரிந்தது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாமையும் தினையும் கேழ்வரகுமாக இருந்த சரிவுகள் இவை. கீழே ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் மரவள்ளிக் கிழங்குக்குக் கையில் காசு வருகிறது, சாமைக்கு வருவதில்லை. காசு மட்டும் காரணமில்லை என்றும் சொன்னார். சாமையின் உமி லேசில் விடாது. திரிகையில் அரைத்து, புடைத்து, உரலில் குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைச் சோறு. அத்தனையும் பெண்கள் தலையில். கோழி கூவும் முன் உலக்கையைத் தூக்கிய கைதான் என் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவர்களின் முயற்சியில் சில ஊர்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. “அதற்கப்புறம்தான் இடுப்பு பிழைத்தது” என்றார். 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது எங்கள் அலுவலகத்திலும் ஒரு விருந்து வைத்தார்கள். சாமைப் பொங்கல் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். உரலைப் பற்றி யாரும் பேசவில்லை.

இயந்திரம் இருக்கும்போது இந்தக் கூடையை ஏன் கையால் புடைக்கிறோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விடிந்து, அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு, பையை எடுக்க உள்ளே ஓடினேன். ஆயாவின் மருமகள் தரையில் குனிந்து நான் சிந்திய சாமையை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சிந்தியது ஒரு பிடி இருக்குமா, விட்டுவிடுங்கள் அக்கா என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: “இது விதைச் சாமை. வைகாசிக்கு முன்னால் இந்தக் கூடையை ஆயா யாரையும் தொட விடமாட்டார்கள். எனக்கே இன்னும் புடைக்கக் கொடுத்ததில்லை.”

ஆயா, அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த விதையை எடுத்து ஒரு நடுங்கும் கையில் கொடுத்தீர்கள். முன்பின் பார்த்திராதவளிடம், பாதியைப் பதரோடு ஊதிவிடக்கூடியவளிடம் கொடுத்தீர்கள். எனக்கு என்ன தேவை என்பது எனக்கே தெரியாத நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு நன்றி என்று எழுதிப் பார்க்கிறேன், போதவில்லை. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

அதனால் ஆகவேண்டியதைச் சொல்கிறேன். இனி எங்கள் வீட்டுச் சாமை உங்கள் ஊரிலிருந்துதான் வரும்; விலையை நீங்கள் சொல்லுங்கள், நான் பேரம் பேசமாட்டேன். விதைப்புக்கு நானும் வருகிறேன், முறத்தைத் தொடாமல் வேறு ஏதாவது வேலை கொடுங்கள். நாமக்கல்லுக்கு அப்பால் போனதில்லை, காஞ்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றீர்கள் அல்லவா? தை பிறந்ததும் அழைத்துப்போக வருகிறேன். பஸ் என்றாலே குமட்டும் என்றதால் கார் ஏற்பாடு செய்திருக்கிறேன். எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்துவிட்டேன். முன் சீட்டு யாருக்கு என்பதை மட்டும் நீங்களும் அப்பாவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.