செல்லூர் அப்பத்தாவுக்கும் கூட நின்ன எல்லாருக்கும்

ஆஸ்பத்திரி வேலைக்கு எங்க சென்டர்ல படிக்கிற பொண்ணுங்களுக்கு நேத்து சாயங்காலம் அசெஸ்மென்ட் பரீட்சை முடிஞ்சு கடைசிப் பிள்ளையும் உசிலம்பட்டி பஸ் ஏறினப்புறம்தான் நான் உக்காந்தேன். இன்னும் படபடப்பு அடங்கல, ஆனா இதை இப்பவே எழுதிரணும், ஆறட்டும்னு விட்டா நல்லா எழுதணும்னு யோசிச்சு யோசிச்சே எழுதாம போயிரும்.

என்ன நடந்துச்சு, ஏன் சென்டரை அப்படி அவசர அவசரமா காலி பண்ண வேண்டி வந்துச்சுங்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பக் கிளறப் போறதில்ல. பேட்ச் கலையல. ஒரு பிள்ளை கூட பாதியில நிக்கல. எல்லாரும் பரீட்சைக்கு உக்காந்துட்டாங்க. அது போதும் எனக்கு.

கிளாஸ் நடத்த தறி ஷெட்டைத் தொறந்து விட்டு, வாடகைப் பேச்சையே எடுக்க விடாத செல்லூர் அண்ணாச்சிக்கு நன்றி. கட்டில், மெத்தை, அந்தப் பெரிய டம்மி பொம்மை, பிபி மெஷின் எல்லாத்தையும் மழையில நனையாம ரெண்டே நடையில கொண்டு வந்து இறக்கின ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளுக்கு, பேப்பர் வேலை முழுக்க பீஸ் வாங்காம பாத்துக் குடுத்த வக்கீல் சாருக்கு, சென்னை ஓசூர் திருப்பூர்னு எங்கெங்கயோ ஹெச்.ஆர்-ல உக்காந்திருக்கிற என் பழைய எம்.எஸ்.டபிள்யூ (சோஷியல் வொர்க் முதுகலை) மாணவங்க, கேக்குறதுக்கு முன்னாடியே ஜிபே பண்ணிட்டு "மேடம் ஸ்க்ரீன்ஷாட் போட்ராதீங்க"ன்னு சொன்னவங்க எல்லாருக்கும், பொண்ணை நம்பி அனுப்பின அப்பா அம்மாக்களுக்கும், சம்பளம் வருமான்னே தெரியாம தினமும் வந்து நின்ன என் ட்ரெயினர் பிள்ளைகளுக்கும் நன்றி. ஒவ்வொருத்தரைப் பத்தியும் தனியா எழுதலாம், எழுதணும்தான். ஆனா இன்னிக்கு ஒருத்தரைப் பத்தி மட்டும் விரிவா எழுத விட்டுருங்க.

ஷெட்டுக்கு எதுத்தாப்புல பணியாரக் கடை போட்டிருக்கிற அம்மா. பேரைப் போடக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாக, பிள்ளைக எல்லாம் அப்பத்தான்னுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுறேன்.

தறி ஷெட்டுல எல்லாம் இருந்துச்சு, ஃபேன், லைட், வெளிச்சம், காத்து. பாத்ரூம் கிடையாது. நானும் ஸ்டாஃபும் அதுக்குத்தான் அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சுக்கிட்டு இருந்தோம், பக்கத்துல இருக்கிற கட்டணக் கழிப்பறைக்கு மெயின் ரோட்டைத் தாண்டிப் போகணும், ஆம்பளைக கூட்டம் எப்பவும் நிக்கும். பிள்ளைக வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல. காலையில வெள்ளன வீட்டுல கெளம்பி வந்து சாயங்காலம் வரைக்கும் அந்தத் தகர ஷெட்டு வெக்கையில இருந்துட்டு பேசாம போச்சுக.

ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ மத்தியானம், கடையை ஏறக்கட்டிட்டு அப்பத்தா ரோட்டைத் தாண்டி வந்தாக. "ஏன் டீச்சர், காலையில இருந்து பாக்குறேன், வாசல்ல குடிதண்ணி கேன் வச்சது வச்சபடி இருக்கு. இந்த வெயில்ல இத்தனை பிள்ளைக, ஒண்ணு கூட தண்ணி குடிக்க மாட்டேங்குது?" அவ்வளவுதான் கேட்டாக. பதில் சொல்லத் தேவையே இல்ல, அவுகளுக்கே தெரிஞ்சு போச்சு. திரும்பிப் போயி வீட்டுப் பக்கத்துச் சந்துக் கதவுல ஒரு ஆணியை அடிச்சு, கக்கூஸ் சாவியை ஒரு கயித்துல கட்டி அதுல மாட்டினாக. "கேட்டுட்டுத்தான் போகணும்னா ஒண்ணும் போகாது டீச்சர், வயசுப் பிள்ளைக, கூச்சப்படும். யாருகிட்டயும் ஒண்ணும் கேக்க வேணாம், எடுத்துட்டுப் போயிட்டு வந்து மாட்டிரச் சொல்லுங்க."

நான் முப்பது வருசத்துக்கு மேல சோஷியல் வொர்க் பாடம் எடுத்தவ. உதவி வாங்குறவங்களோட மானம் கெடாம உதவி செய்யணும்னு கேஸ்வொர்க் கிளாஸ்ல ஒவ்வொரு வருசமும் சொல்லியிருக்கேன். அதை இவ்வளவு சுத்தமா ஒருத்தர் செஞ்சு நான் பாத்தது கம்மி.

அதோட நிக்கல. மறுநாள் போயிப் பாத்தா உள்ள புது வாளி, மக்கு, லைஃப்பாய் சோப்பு. மூலையில மூடி போட்ட ஒரு பழைய பெயின்ட் டப்பா, பக்கத்துல கிழிச்சு அடுக்கின பேப்பர் கட்டு. அது எதுக்குன்னு அவுகளும் சொல்லல, நாங்களும் கேக்கல. அந்த டப்பாவை தினமும் காலி பண்ணினது யாருன்னு நினைக்கிறீங்க, அவுகளேதான். நைட் ஷிப்ட் போயிட்டு பகல்ல வீட்டுல தூங்குற மகன்கிட்ட, இந்தப் பரீட்சை முடியுற வரைக்கும் பகல்ல சந்துப் பக்கம் வராத, முன்வாசல் வழியாவே போயிட்டு வான்னு சொல்லி வச்சிருக்காக. இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

அந்தத் தெருவுல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். நாப்பது பிள்ளைக்கு மேல, யோசிச்சுப் பாருங்க. தண்ணிக்காவது காசு வாங்கிக்கங்கன்னு கவரை நீட்டினேன், கையைத் தட்டி விட்டாக. "பிள்ளைக ஒண்ணுக்குப் போறதுக்கா நான் காசு வாங்குவேன்?" அதுக்கு மேல எனக்குப் பேச வாய் வரல. பிள்ளைகளே பேசி முடிவு பண்ணி, தண்ணி வர்ற அன்னிக்கு நாலு நாலு பேரா சீக்கிரம் வந்து அப்பத்தா வீட்டு டிரம்மை ரொப்பி வச்சுட்டுத்தான் கிளாஸுக்கு வந்துச்சுக. நின்னுரப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்த செல்லம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, முதல் ஆளா குடத்தோட நின்னுச்சு. அந்தப் பிள்ளை பிராக்டிகல்ல நோயாளியைக் கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாத்தின அழகைப் பாத்து வந்த அசெஸ்ஸரே ஒரு நிமிசம் எழுதுறதை நிறுத்திட்டாரு.

நேத்து ராத்திரி தூக்கம் வரல, இதையேதான் நினைச்சுக்கிட்டு கிடந்தேன். பொண்ணுங்களைப் படிக்க வச்சு ஒரு வேலையில நிறுத்தணும்னு இத்தனை வருசமா நாம பட்ட பாட்டுல நெசமா எது நின்னு பலன் குடுத்துச்சு? தொண்ணூறுகள்ல உசிலம்பட்டிப் பக்கம் என் மாணவிகளை ஃபீல்டு வொர்க் கூட்டிட்டுப் போனப்ப, அங்க பொண்ணு பொறந்தா பொழைக்குமாங்கறதே பேச்சா இருந்துச்சு, 1992-ல தொட்டில் குழந்தை திட்டம் வந்த நேரம். அதே ஊர்கள்ல இருந்துதான் இன்னிக்கு பேத்திக பையை மாட்டிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க வருதுக. எழுதப் படிக்கக் கத்துக் குடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்ப புதுக்கோட்டையில பொம்பளைக சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்களே, எழுத்தோட சேத்து சைக்கிளும் வேணும்னு யாரோ யோசிச்சாங்க பாருங்க, அந்த யோசனைதான் யோசனை. 2021-ல டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாதுன்னு ஆனப்புறம் எங்க சென்டர்ல அட்டெண்டன்ஸ் எப்படி மாறுச்சுன்னு நான் கண்ணால பாத்தேன். 1976-ல 11 படுக்கையோட நம்ம மதுரையில ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை எடுத்துக்கங்க, கிராமத்துப் பொண்ணுங்களை எடுத்து, தங்க இடம் குடுத்து, ரெண்டு வருசம் ட்ரெயினிங் குடுத்து, இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரியைத் தாங்கிக்கிட்டு நிக்கிறதே அந்தப் பொண்ணுங்கதான். தங்க இடம் இல்லாம அந்த ட்ரெயினிங் மட்டும் இருந்திருந்தா எத்தனை பேரு வந்திருப்பாங்க?

தொழிலைக் கத்துக் குடுத்துரலாம், மூணு மாசத்துல ஆறு மாசத்துல குடுத்துரலாம். ஒரு பொண்ணு அந்த இடத்துல எட்டு மணி நேரம் நிம்மதியா இருக்க முடியுமா, அதுலதான் எல்லாம் உடையுது. சட்டம் எழுதினவங்களுக்கு இது தெரிஞ்சுதான் இருந்துச்சு. லேபர் லா பேப்பர்ல நான் வருசா வருசம் எடுத்தது, 1948 தொழிற்சாலைகள் சட்டம், 19-வது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி கழிப்பறை, 46 கேன்டீன், 48 குழந்தைகள் காப்பகம், 49 வெல்ஃபேர் ஆபீசர். மாணவங்க 49-ஐ மட்டும் மனப்பாடம் பண்ணுவாங்க, 500 பேருக்குக் குறையாம இருந்தா ஆபீசர் போட்டாகணும்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு, அதுதான் அவங்க வேலை வாய்ப்பு, தப்பு சொல்ல முடியாது. நான் 19-ல இருந்து ஆரம்பிங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அப்புறம் தொழில் பயிற்சி குடுக்குறதுக்குன்னு 2014-ல தீன்தயாள் கிராமத் திறன் திட்டம் வந்துச்சு, 2015-ல பிரதமர் பேர்ல கௌஷல் விகாஸ், 2022-ல நான் முதல்வன், எல்லாம் நல்ல திட்டம், அதுகளால ஆளான பிள்ளைகளை எனக்கு நேராவே தெரியும். ஆனா அட்டெண்டன்ஸ் கொறஞ்சா ஏன் கொறஞ்சுதுன்னு கம்ப்யூட்டர் கேக்காது, பயோமெட்ரிக்ல விரல் வைக்காத பிள்ளை வரலைன்னுதான் அதுக்குத் தெரியும். தண்ணி குடிக்காத பிள்ளையைப் பாக்குறதுக்கு எதுத்தாப்புல ஒரு அப்பத்தா இருக்கணும்.

புது இடம் பாத்துக்கிட்டு இருக்கோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவா சொல்லிடுறேன், ஊரறியச் சொன்னாத்தான் நாளைக்கு பட்ஜெட் இடிக்குதுன்னு யாரும் மாத்த முடியாது. இனிமே எங்க பேட்ச் எங்க நடந்தாலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணி, மூடி போட்ட டப்பா, இந்த மூணும் தயாரான அப்புறம்தான் போர்டு மாட்டுவோம். வேலைக்கு அனுப்புற ஆஸ்பத்திரிக்கும் நானே நேர்ல போயி, டியூட்டி ரூமையும் பாத்ரூமையும் பாத்துட்டுத்தான் பிள்ளையை அனுப்புவேன். சேந்து மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவையும் போவேன். கால் வலியெல்லாம் பாத்துக்கலாம்.

அப்பத்தா, நீங்க ஃபோன்ல இதைப் படிக்க மாட்டீக, உங்க பேரன் படிச்சுச் சொல்லட்டும். உங்க வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். அதுக்குள்ள எங்க பிள்ளைக்கும் இடம் குடுத்தீக. ரிசல்ட் வந்த அன்னிக்கு எல்லாத்தையும் கூட்டிட்டு வர்றேன், அன்னிக்கு மட்டும் பணியாரத்துக்குக் காசு வாங்கிக்கணும், சொல்லிட்டேன்.

ஹெச்.ஆர்-ல இருக்கிற என் பிள்ளைகளுக்குக் கடைசியா ஒரு வேண்டுகோள். நீங்க அனுப்பின பணத்துக்குக் கணக்கு தனியா மெயில் பண்றேன். இந்தப் பேட்ச்ல சில பேரு உங்க கம்பெனி ஹெல்த் சென்டருக்கும் வரலாம், வராட்டாலும் வேற யாரோ ஒரு ஊர்ப் பிள்ளை வரத்தான் போகுது. சேர்ற அன்னிக்கு ஐடி கார்டு, பி.எஃப் ஃபார்ம் எல்லாம் குடுக்குறதுக்கு முன்னாடி, ஒரு லேடி ஸ்டாஃபைக் கூட அனுப்பி, பாத்ரூம் எங்க இருக்குன்னு காட்டிருங்கப்பா.