கூரைச் சரிவும் ஸ்விங் பிளேனும்: மக்காவுக்கு ஒரு கடிதம்

மக்கா,

நீ எழுதினத மூணு தடவ படிச்சிட்டேன். கோயம்புத்தூர்ல ஆபீஸ் ஆளுங்களோட எட்டு மாசமா கோல்ஃப் ஆடப் போறேன்னு பாத்ததும் அப்படி ஒரு சந்தோஷம், ஏன்னா துபாய விட்டு ஊருக்கு வந்த பொறவு இந்த ஆட்டத்தப் பத்தி மனசு விட்டுப் பேச எனக்கு இங்க ஆளே கெடையாது. இங்க எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டு வலி கொறஞ்சிருக்கு, கன்னிப்பூ அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் ஏத்தியாச்சு, இப்ப மழைக்காகக் காத்துக் கெடக்கோம். எனக்குப் பக்கத்துல உள்ள கோர்ஸ்னா திருவனந்தபுரத்துல கவடியார் கிட்ட இருக்க ஒம்பது ஹோல்தான், அங்க மெம்பரா இருக்க நண்பர் ஒருத்தர் கூப்பிட்டா மாசத்துக்கு ஒரு நாள் போவேன். மத்த நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால நம்ம தென்னந்தோப்புதான். குளச்சல்ல இருந்து பழைய மீன் வலை ஒண்ணு வாங்கி ரெண்டா மடிச்சு, ரெண்டு தென்னைக்கு நடுவுல கொஞ்சம் தொய்வா கட்டி வச்சிருக்கேன். இறுக்கிக் கட்டினா பந்து திரும்பி நம்ம மேலயே வரும், அத நீயும் மனசுல வச்சுக்க.

சரி, நீ கேட்டதுக்கு வாறேன். பந்து எல்லாம் வலப்பக்கமா வளைஞ்சு போகுது, எல்லாரும் உன் ஸ்விங் பிளேன் சரியில்லங்கான், அந்த பிளேன்னா என்னன்னே புரியலன்னு எழுதியிருந்த. இதே கேள்வியோட நான் துபாய்ல ரெண்டு வருஷம் அலைஞ்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்லுகேன், பொறுத்துக்க.

முப்பந்தல்ல கரண்ட் எடுக்க காத்தாடிய நெனச்சுக்க. அந்த எறக்க சுத்துறது செங்குத்தா நிக்க ஒரு தட்டு மாதிரி. அதே எறக்க தரைக்குப் படுத்தாப்ல சுத்துனா நம்ம வீட்டு ஃபேன். கோல்ஃப் கிளப், அதான் பந்த அடிக்க மட்டை, சுத்துறது இந்த ரெண்டுக்கும் நடுவுல, சாய்வா. பந்து தரையில கெடக்கு, நீ அதுக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்க, அப்ப கிளப் போற வட்டமும் சாஞ்சுதான ஆகணும், அந்தச் சாய்வுதான் பிளேன். பழைய அமெரிக்க சாம்பியன் பென் ஹோகன் 1957-ல இத ஒரு கண்ணாடிப் பலகையா சொன்னாரு, தலை வெளிய வர ஒரு ஓட்ட போட்டு ரெண்டு தோள் மேலயும் சாச்சு வச்சு, கீழ் முனை பந்துல முட்டுற மாதிரி ஒரு கண்ணாடி, கிளப்ப தூக்கும்போது கை அத ஒடச்சிரக் கூடாது. எனக்கு அந்தக் கண்ணாடி மனசுல நிக்கவே இல்ல. ஊருக்கு வந்து பழைய ஓட்டு வீட்டுத் தாவாரத்துல நின்னு பாத்தப்பதான் பிடி கிடைச்சுது, அந்தக் கூரைச் சரிவேதான்டே. தல ஓட்டுக்கு வெளிய நிக்குது, தோள்ல இருந்து பந்து வரைக்கும் ஓடு எறங்குது, கை அந்த ஓட்டுக்கு அடியிலேயே ஏறணும்.

கூரை எல்லாருக்கும் ஒரே சரிவுல இருக்காது, அத நல்லா பாத்துக்க. ரொம்பத் தூரம் அடிக்க டிரைவர்ங்க கிளப் 45 இஞ்ச் கிட்ட நீளம், நீ பந்த விட்டுத் தள்ளி நிக்கணும், கூரை தணிஞ்சிரும். கிட்டத்துல அடிக்க வெட்ஜ் 35 இஞ்ச்தான், பந்துக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்க, கூரை செங்குத்தா ஏறும். அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ அயர்ன், அதான் இரும்புத் தலை கிளப், எல்லாத்தையும் 37.5 இஞ்ச்னு ஒரே நீளத்துல வச்சு ஆடினதே இதுக்குத்தான், எந்த அயர்ன எடுத்தாலும் ஒரே சரிவு, 2020-ல அமெரிக்க ஓப்பனும் ஜெயிச்சாரு. அதே மாதிரி நீ ஆறடி, நான் அஞ்சே முக்கால், என் ஸ்விங்க பாத்து நீ காப்பி அடிச்சா உனக்கு ஒத்து வராது, டீவில பாக்கவன காப்பி அடிச்சாலும் அப்படித்தான்.

இப்ப முக்கியமான விஷயம். துபாய்ல ஒரு கோச் என்கிட்ட உன் பேக்ஸ்விங், அதான் கிளப்ப பின்னால தூக்குறது, ரொம்ப செங்குத்தா போகுது, அதத் தணிவா கொண்டு போன்னு சொன்னாரு. ரெண்டு வருஷம் அதையே செஞ்சேன், சாயங்காலம் வேலை முடிஞ்சு ரேஞ்சுக்குப் போயி லைட் வெளிச்சத்துல நூறு பந்து அடிப்பேன், பேக்ஸ்விங் பாக்க அழகாச்சு, பந்து மட்டும் அதே வலப்பக்கம்தான், இன்னும் மோசமாச்சு. மேல போற வழிய இவ்வளவு நோண்டினதுல பிரயோஜனம் இல்லங்கது இப்பதான் தெரியுது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக் ஸ்விங்க பாரு, கிளப்ப நேரா வானத்துக்குத் தூக்கி, மேல ஒரு சுழி சுழிச்சு, கீழ வரும்போது சரியா சரிவுக்குள்ள வந்துருவாரு. 2003-ல அமெரிக்க ஓப்பன் ஜெயிச்சாரு, 2016-ல ஒரே ரவுண்ட, பதினெட்டு ஹோலையும், 58 அடியில முடிச்சாரு, பி.ஜி.ஏ டூர்ல அதுக்குக் கீழ யாரும் அடிச்சதில்ல. பந்துக்கு நீ மேல என்ன செஞ்சன்னு தெரியாது மக்கா, கிளப் வந்து முட்டுற அந்த நேரத்துல எந்தப் பக்கம் போயிட்டு இருந்துச்சு, ஃபேஸ், அதான் கிளப்புல பந்து படுற முகம், எந்தப் பக்கம் பாத்துச்சு, அது ரெண்டுதான் தெரியும்.

அந்த ரெண்டுலயும் ஃபேஸ்தான் பெரிய ஆளு. முந்தி எல்லாரும் பந்து கிளப் போற பாதையிலதான் கெளம்பும்னு சொல்லிக் குடுத்தாங்க, கிளப்பும் பந்தும் போறத அளக்க டிராக்மேன் மாதிரி ரேடார் வந்த பொறவு அது தப்புன்னு தெரிஞ்சுது, பந்து கெளம்புற திசையில முக்கால் பங்குக்கு மேல ஃபேஸோட வேலைதான். பொறவு எப்படி வளையுதுங்கது, ஃபேஸுக்கும் பாதைக்கும் எவ்வளவு வித்தியாசம்ங்கதப் பொறுத்து. உன் பந்து எடப்பக்கமா கெளம்பி வலப்பக்கம் வளையுதுன்னா கிளப் வெளிய இருந்து உள்ள வருது, ஃபேஸ் அந்தப் பாதைய விட தொறந்து, அதாவது வலப்பக்கம் பாத்துக் கெடக்கு.

இங்கதான் நான் ரெண்டு வருஷம் தவறவிட்ட சங்கதி இருக்கு. ஃபேஸ் தொறந்து கெடந்தா பந்து வலப்பக்கம் போகும். போனா உடம்பு சும்மா இருக்குமா, அடுத்த பந்த எடப்பக்கமா இழுத்து அடிக்கப் பாக்கும், நீ சொல்லாமலே வலத்தோள் முந்திக்கிட்டு பந்துப் பக்கம் பாயும், கை ஓட்டப் பிச்சிக்கிட்டு கூரைக்கு மேல ஏறி வரும், ஓவர் த டாப்னு சொல்லுகாங்க பாரு, அதேதான். வளைவு இன்னும் கூடும், நீ இன்னும் எடப்பக்கம் இழுப்ப. எனக்கு பிளேன் கெட்டதே ஃபேஸ் தொறந்து கெடந்ததாலதான். அதனால கூரையத் திருத்தப் போறதுக்கு முன்ன உன் எடது கையப் பாரு. கிளப்ப பிடிச்சிட்டு குனிஞ்சு பாத்தா எத்தன விரல் முட்டி தெரியுது? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுது. ரெண்டு, ரெண்டரை தெரியுற வரைக்கும் கையக் கொஞ்சம் வலப்பக்கமா திருப்பிப் பிடி. மேல போனதும் எடது மணிக்கட்டு பின்னால மடங்காம தட்டையா இருக்கான்னும் பாத்துக்க. ஒரு வாரத்துக்கு அந்தப் பிடி பிடிக்கவே பிடிக்காது, கை வேற யாரோட கையோங்க மாதிரி இருக்கும், விட்டுராத.

பொறவு பிளேனுக்கு வா. போன மாசம் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போச்சு, தோப்புல அடிக்க முடியல. சின்ன பென் டார்ச் ஒண்ண கிளப்போட பிடிப் பக்க முனையில ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன், வெளிச்சம் முனையில இருந்து வெளிய அடிக்கிற மாதிரி. முத்தத்து சிமெண்ட் தரையில பந்து இருக்க வேண்டிய எடத்துல, இலக்குப் பக்கமா ஒரு தேங்காக் கயத்த நீளமா போட்டேன். கிளப்ப மெதுவாத் தூக்கினேன், எடது கை தரைக்கு இணையா வந்து கிளப் மேல மடங்கினதும் அந்த வெளிச்ச வட்டம் கயத்து மேல வந்து விழுந்துச்சு, அப்ப சரிவு சரி. கீழ எறங்க ஆரம்பிச்ச ஒடனே வெளிச்சம் கயத்த விட்டுட்டு என் கால் பக்கமா ஓடியாந்துச்சு. வலத்தோள் முந்துறத எனக்கு அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டாம்னு ஆகிப் போச்சு, அந்த மஞ்ச வட்டம் அப்படியே காட்டிக் குடுத்துச்சு. கால் பக்கம் வந்தா கிளப் ரொம்ப செங்குத்து, கயத்தத் தாண்டி அந்தாண்ட போனா ரொம்பத் தணிவு. கரண்ட் வந்த பொறவும் லைட்ட அணைச்சிட்டு அர மணிநேரம் நின்னேன். வலது முழங்கைய வலப்பக்கப் பாக்கெட்டப் பாத்து எறக்குனா வெளிச்சம் கயத்துலயே நிக்குது. ஹோகனும் கீழ வரும்போது கண்ணாடி சாய்வு கொஞ்சம் தணிஞ்சு, இலக்குக்கு வலப்பக்கமா லேசா திரும்பும்னுதான் சொன்னாரு, அன்னைக்கிதான் அது என் ஒடம்புக்குப் புரிஞ்சுது.

பகல்ல அடிக்கும்போது இன்னொண்ணு செய்யுகேன். பந்துக்கு அந்தாண்ட நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பின்னால, ஒரு தேங்காக் கதம்பைய வச்சிருவேன். வெளிய இருந்து கிளப் வந்தா கதம்பை பறக்கும், பந்த மட்டும் அடிச்சா பாதை சரி. பாதி ஸ்விங்ல, ஏழாம் நம்பர் அயர்ன்ல ஆரம்பி, டிரைவர ஒரு மாசத்துக்கு பையிலயே வச்சிரு.

நீ அனுப்பின வீடியோல ஒண்ணும் சொல்ல முடியல மக்கா. எடுத்தவரு உனக்கு வலப்பக்கம் ரொம்பத் தள்ளி, மேல இருந்து எடுத்திருக்காரு, அப்படி எடுத்தா நல்ல சரிவு கூட தப்பாத் தெரியும். செல்போன உன் கை ஒசரத்துல வச்சு, கைக்கு நேர் பின்னால இலக்கப் பாத்து எடுக்கச் சொல்லு, பத்து பந்து அனுப்பு, நல்லதா பாத்துப் பொறுக்கி அனுப்பாத.

சுசீந்திரம் தேருக்கு வருவேன்னு சொன்னேல்லா, மார்கழிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஏழாம் நம்பர் அயர்ன் கொண்டு வா, வலைய நான் இன்னும் ஒரு மடிப்பு போட்டு வைக்கேன். அம்மை உனக்கு அவியலும் தேங்காப்பால் பாயாசமும் வச்சுத் தருவேன்னு இப்பவே சொல்லிட்டு இருக்கா. முட்டி எத்தன தெரியுதுன்னு மட்டும் நாளைக்கே எழுது.

உன்
பழைய பெஞ்ச் பார்ட்னர்