பகலில் படி

மக்களே,

போன மார்ச்சில் ராத்திரி இரண்டு மணிக்கு, "ரஷ்யாக்காரங்க புத்தகத்துல எதுலம்மா தொடங்கணும்?" என்று கேட்டிருந்தாய். அதற்கப்புறம் நான் என்ன அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்றுதான் வருகிறது. கேட்ட கேள்வி நிற்கிறதே என்றுதான் எழுதுகிறேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்று.

நீ 'குற்றமும் தண்டனையும்' வாங்கிவிட்டதாக அக்கா சொன்னாள். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்புதானே? நல்ல தமிழ். 'அசடன்' நாவலையும் அவர்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆனால் தஸ்தயேவ்ஸ்கியில் தொடங்காதே. தொடங்கியிருந்தால் மூடி வைத்துவிட்டு செகாவை எடு.

செகாவ் டாக்டர். நோயாளி அழுகிறான் என்று தானும் உட்கார்ந்து அழமாட்டார், எங்கே வலி என்று குறித்துக்கொள்வார். அவரைப் பிடித்தவர்களுக்கு அதனால்தான் பிடிக்கிறது. 1886-இல் எழுதிய இரண்டு கதை போதும். ஒன்றில் குதிரைவண்டிக்காரன் அயோனா அந்த வாரம்தான் மகனைப் பறிகொடுத்திருக்கிறான். பனியில் ஏறி இறங்குகிற ஒவ்வொருத்தரிடமும் அதைச் சொல்லப் பார்க்கிறான், யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் லாயத்தில் குதிரையிடம் சொல்கிறான். இன்னொன்று வான்கா. செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயசுப் பையன், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று தாத்தாவுக்குக் கடிதம் எழுதி, 'தாத்தாவுக்கு, கிராமத்தில்' என்று முகவரி போட்டுத் தபால் பெட்டியில் போடுகிறான். இப்படி நாலைந்து பக்கக் கதைகளை ஒரே மூச்சில் பத்துப் படித்தால் "ஒண்ணுமே நடக்கலையே" என்று தோன்றும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். பகலில் படி.

அடுத்த இடைஞ்சல் பெயர். நூலகத்தில் பாதிப் பேர் ரஷ்ய நாவலைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பது இதனால்தான். நீ வாங்கிய நாவலின் நாயகன் ரோடியன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ் என்றால் ரொமானின் மகன் ரோடியன், கடைசியில் வருவது குடும்பப் பெயர். நம்முடைய இனிஷியலை விரித்து எழுதிய மாதிரிதான், பயப்பட ஒன்றுமில்லை. பெண்ணாக இருந்தால் 'ஓவ்னா' என்று முடியும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. ரோடியன் ரோத்யா ஆவான், அவ்தோத்யா தூன்யா ஆவாள், சோஃப்யா சோனியா ஆவாள். சுப்பிரமணியன் மணி ஆகிற கணக்கு. ஒரு அட்டையை நீளவாக்கில் பாதியாக மடி. இடது பக்கம் முழுப்பெயர், வலது பக்கம் செல்லப்பெயர், கீழே யாருக்கு யார் என்ன உறவு, முதலில் வந்த பக்க எண். அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள். முதல் அறுபது பக்கத்துக்குள் எழுதிவிட வேண்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றால் யார் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

டால்ஸ்டாய்க்கு வரும்போது 'போரும் வாழ்வும்' கனத்தைப் பார்த்து மலைக்காதே. டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்தது. மூலத்தில் 361 அத்தியாயம், நாளுக்கு ஒன்று என்றால் ஒரு வருஷத்துக்கு நாலு நாள் குறைவு. பலர் விழுவது 1805 ஜூலையில், ஆன்னா பாவ்லோவ்னா வீட்டு விருந்தில். ஆரம்பத்திலேயே இருபது பேர் வந்து பிரெஞ்சு கலந்து பேசுவார்கள். அங்கே யாரையும் மனப்பாடம் செய்யாதே, பியர், ஆந்த்ரேய் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடு. இரண்டாவது பின்னுரை முழுக்க வரலாற்றைப் பற்றிய வாதம், முதல் தடவைக்கு அதை விட்டாலும் பாவமில்லை. அதற்கும் முன்னால் 'அன்னா கரீனினா'வைப் படித்துவிடு, நா. தர்மராஜன் செய்தது. அன்னாவே 18-ஆம் அத்தியாயத்தில்தான் வருவாள், எங்கே காணோம் என்று தேடாதே. மாஸ்கோவில் வ்ரோன்ஸ்கி என்கிற ராணுவக்காரனைப் பார்த்துவிட்டுப் பீட்டர்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறங்குகிறவளுக்குப் புருஷனின் காது கண்ணில் படுகிறது. இந்தக் காது எப்போது இப்படி ஆனது என்று நினைக்கிறாள். காது அப்படியேதான் இருந்தது. ஒரு கல்யாணம் எங்கே விட்டுப்போயிற்று என்பதை அந்த ஒரு காதில் காட்டிவிடுகிறார். மனசை உடம்பில் காட்டுகிற இந்த வித்தைக்காகத்தான் நூற்றைம்பது வருஷமாக அவரை விடாமல் படிக்கிறார்கள்.

சரி, நீ வாங்கிய 'குற்றமும் தண்டனையும்' நாவலுக்கு வருகிறேன்.

1866-இல் பத்திரிகைத் தொடராக வந்தது அது. நடுவில் அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கி ஒரு பதிப்பாளருக்குக் கொடுத்த கெடுவுக்காக இதை நிறுத்திவிட்டு, சுருக்கெழுத்துக்காரியிடம் வாயால் சொல்லியே 26 நாளில் 'சூதாடி'யை முடித்துக் கொடுத்தார். அந்த மூச்சுவாங்கல் எழுத்திலும் இருக்கும். ஆறு பாகத்தில் கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடும். யார் செய்தது என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும், அதனால் துப்பறியும் கதை மாதிரிப் படித்தால் மிச்ச ஐந்து பாகமும் இழுவை. தனக்குப் பிடிக்காத கட்சிக்கும் முழு பலத்தோடு வாதாட இடம் கொடுப்பார், கெட்டவன் பேசும்போது நமக்கே தலை ஆடும். அதுதான் ருசி. ஆபத்தும் அதுதான். ராத்திரி தனியாக இருக்கிறவன் அந்தக் குரலைத் தன் குரல் என்று நினைத்துக்கொள்வான்.

ரஸ்கோல்னிகோவின் அறை நீளம் ஆறு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். படிப்பை விட்டுவிட்டான், ட்யூஷனை விட்டுவிட்டான், வீட்டுக்காரி கண்ணில் படாமல் படி இறங்குகிறான், பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான். நீ வெளியே போகிறாயா? பேசின அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் எழுந்தேன் என்றாயே, அது லீவு நாளா? அக்காவும் சரியாகச் சொல்லமாட்டேன் என்கிறாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்காவது போ. பகலில் படி.

முதல் பாகம் மூன்றாம் அத்தியாயத்தில் அவன் அம்மா கடிதம் வரும். தபால்காரனுக்கு வேலைக்காரி தன் கைக்காசு மூன்று கோபெக் கொடுத்து வாங்கி வைத்திருப்பாள். இரண்டு பெரிய தாள், பொடி எழுத்து. இதை இரண்டு தடவை படி. முதல் தடவை பாசம் தெரியும், இரண்டாம் தடவை கணக்கு தெரியும். அம்மாவின் பென்ஷன் வருஷத்துக்கு 120 ரூபிள். அதை அடகு சொல்லி 15 கடன் வாங்கி அனுப்பினாள். போன வருஷம் தங்கை தூன்யாவின் சேமிப்பு என்று வந்த 60, நிஜத்தில் தூன்யா வேலை பார்த்த வீட்டில் முன்பணமாக வாங்கிய 100-இலிருந்து வந்தது. இப்போது தூன்யாவுக்கு லூஷின் என்று ஒரு வரன். வரதட்சணை இல்லாத, வறுமை பார்த்த பெண்ணாக வேண்டும், அப்போதுதான் புருஷனைக் காப்பாற்றியவனாக நினைப்பாள் என்று அவன் சொன்னதை அம்மாவே எழுதிவிட்டு, ஏதோ பேச்சுவாக்கில் வந்திருக்கும் என்கிறாள். கடைசியில், முன் மாதிரி சாமி கும்பிடுகிறாயா என்று ஒரு கேள்வி. கண்ணீரோடு தொடங்கியவன், முடிக்கும்போது வெளுத்துப்போய்க் கசப்பாகச் சிரிக்கிறான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான்.

அவள் ஒரு பொய்யும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவ்வளவு பாரத்தையும் "நீ கவலைப்படாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் ஏற்றுகிறாள். அக்கா வளையலை நானும் அப்படித்தான் ஏற்றினேன். கவலைப்படாதே என்று ஆறு தடவையாவது எழுதியிருப்பேன். இரண்டாம் வருஷ லீவுக்கு வந்தபோது அடுக்களை வாசலில் நின்று, "இது எனக்கு வராதும்மா" என்றாய். "கை கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றேன். காதில் விழாமல் இல்லை மக்களே. விழுந்தது.

உன் பத்தாம் வகுப்புக் கட்டுரையை இன்னும் வைத்திருக்கிறேன், சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டது. அவ்வளவு எழுதத் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு நாலு வரி வரமாட்டேன் என்கிறது.

துர்கனேவை மறந்துவிட்டேன். 1862-இல் வந்த அப்பன் பிள்ளை நாவல் ஒன்று போதும். பஸாரவ் மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து மூன்றே நாளில் கிளம்பிவிடுவான். மறுபடி வரும்போது, பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அப்பாவும் அம்மாவும் மூச்சுக் காட்டாமல் நடமாடுவார்கள். மத்தியானத்துக்கு முட்டைக்கோஸ் சூப்பா, பீட்ரூட் போட்ட போர்ஷ்சா, எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள அம்மா தவிப்பாள். "நீயே கேட்டால் என்ன?" என்பார் புருஷன். "அவனுக்குச் சலித்துவிடுமே" என்பாள். துர்கனேவ் அதற்கு மேல் ஒன்றும் விளக்கமாட்டார், பிடித்தவர்களுக்கு அந்த அடக்கம்தான் பிடிக்கும்.

புது அறை முகவரி நீ தரவில்லை. இதை அக்கா பையில் வைத்து அனுப்புகிறேன், சனிக்கிழமை வருவாள். அவளோடு கிளம்பி வந்தால் உள்ளித் தீயலா, மீன் புளிமுளமா? சலித்தாலும் பரவாயில்லை, சொல்.

அம்மா