அனுப்பும் முன் ஆளை உறுதி செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதியிலிருந்து மதுரைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ நோயாளியை ரெஃபர் செய்யும்போது, ஈசிஜியும் ஸ்கேனும் பல நேரம் ஆம்புலன்ஸுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் போய்விடுகின்றன. என்கிரிப்ஷன் இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். இடையில் யாரும் படிக்காமல் அது தடுக்கும். அந்த முனையில் போனை வைத்திருப்பவர் டாக்டர்தானா என்று அதற்குத் தெரியாது.

அப்படி ஒரு டாக்டர் இருக்கிறாரா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. தேசிய மருத்துவ ஆணைய இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரையோ பதிவெண்ணையோ இட்டுத் தேடலாம். 2020 டெலிமெடிசின் (தொலைவழி மருத்துவ ஆலோசனை) வழிகாட்டுதல்கள்படி வாட்ஸ்அப், மின்னஞ்சலிலும் டாக்டர் தம் பதிவெண்ணைக் காட்ட வேண்டும். எனவே தயங்காமல் கேளுங்கள்.

செய்தி வந்த எண் அவருடையதுதானா என்பதில்தான் சிக்கல். பதிவெண்ணையும் புரொஃபைல் படத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். வந்த எண்ணுக்கே திருப்பி அழைத்துக் கேட்பதில் பயனில்லை. அந்த மருத்துவமனையின் ரிசப்ஷன் எண்ணைத் தனியாகத் தேடி அழைத்து, டாக்டரிடமே பேசி, அவர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் தொட்டு, என்கிரிப்ஷன் பகுதியில் தெரியும், இருவர் போனிலும் ஒன்றாக இருக்க வேண்டிய 60 இலக்கங்களை அதே அழைப்பில் இருவரும் ஒத்துப் பாருங்கள். நேரில் சந்தித்தால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே போதும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷனை ஆன் செய்து வைத்தால், அந்த இலக்கங்கள் மாறும்போது தகவல் வரும். டாக்டர் புதுப் போன் வாங்கியிருக்கலாம், வேறு யாரோ கணக்கைப் பிடித்திருக்கவும் கூடும். மீண்டும் பேசித் தெளியும்வரை ரிப்போர்ட் எதுவும் போகக் கூடாது. அவசரக் கேஸ் என்றால் ரிசப்ஷன் வழியாக டூட்டி டாக்டரிடம் வாயால் சொல்லிவிட்டு, காகிதங்களை நோயாளியோடு கொடுத்தனுப்புங்கள். சரிபார்ப்புக்காகச் சிகிச்சை தாமதமாகவே கூடாது.

நம் பக்கத்தில் பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்குள்ள டாக்டர் பெயரில், சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து ரிப்போர்ட் கேட்டு மடல் வந்தால், சிங்கப்பூர் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டையும் இணையத்தில் பார்க்க முடியும். அவர் பணிபுரியும் மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்டு, நோயாளியின் சம்மதமும் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.

ஒருமுறை சரிபார்த்ததோடு வேலை முடியாது. துண்டிக்கப்பட்ட மொபைல் எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். ஆனால் பழைய டூட்டி டாக்டரின் எண் ரெஃபரல் குரூப்பில் அப்படியே கிடக்கும். வேலையை விட்டவரை அன்றே நீக்க வேண்டும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் டாக்டரின் வாட்ஸ்அப் திறந்தே கிடப்பதும், டிஜிட்டல் கையெழுத்து இடும் டோக்கனை (பென் டிரைவ் போன்ற சிறு கருவி) அதன் பின் (PIN) எண்ணோடு உதவியாளரிடம் கொடுத்து வைப்பதும் இதைவிட மோசம். மேற்சொன்ன சரிபார்ப்பு அத்தனையும் அங்கே வீணாகிறது.

மாவட்ட மருத்துவத் துறையும் இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகளும் சேர்ந்து, மருத்துவமனைகளின் ரிசப்ஷன் எண்களைச் சரிபார்த்துப் பட்டியலாக வெளியிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்கள்,
காரைக்குடி.